வின்னிபெக்கிலிருந்து டைனோசர் பூங்காவுக்கு ட்ரெய்லரோடு: இரவோடு இரவாக ஓட்டிவிடலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: ஜூலையில் ஒன்பது நாள் விடுமுறை, உள்ளேயே தங்கக்கூடிய 24 அடி ட்ரெய்லர், அதை இழுக்க ஒரு எஸ்யூவி, பத்து வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள். கனடாவில் மனிடோபா மாகாணத்து வின்னிபெக்கிலிருந்து ஆல்பர்ட்டா மாகாணத்தின் டைனோசர் மாகாணப் பூங்காவுக்குப் போக வேண்டும். நடுவில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் சொல்வதால், இரவோடு இரவாக ஓட்டிக் கடந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இருட்டினால் நெடுஞ்சாலையில் மான் குறுக்கே வரும், ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சட்டென்று நிறுத்தவும் முடியாது. அது ஒரு காரணம். எனக்கு இன்னொரு காரணம் இதைவிடப் பெரிது. பிரேரி என்ற புல்வெளிச் சமவெளி முடிந்த பிறகு, பேட்லேண்ட்ஸ் என்ற அரித்துப்போன மண்மேட்டு நிலம் வேறொரு நிலமாகத் தொடங்குவதில்லை. அதே சமவெளியைப் பனியாற்று வெள்ளம் அறுத்துத் திறந்து வைத்த இடம் அது. மேலே விரிந்து கிடக்கும் நிலத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்குத்தான், அந்த விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது என்ன நடந்திருக்கிறது என்று விளங்கும். தூங்கிக்கொண்டே வந்து சேரும் பிள்ளைகளுக்கு அது வெறும் வினோதமான மண்மேடுகளாகத் தெரியும்.

வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வண்டியைப் பார்த்துவிடுவோம். எஸ்யூவி எவ்வளவு எடையை இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ட்ரெய்லரின் முன்பக்கம், அதை வண்டியோடு பூட்டும் ஹிட்ச் மேல் உட்காரும் பாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இருக்க வேண்டும். சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 2,700 கிலோ என்றால், 270 கிலோவிலிருந்து 400 கிலோ வரை அங்கேயே போய்விடும். அதோடு நான்கு பேர், குளிர்பெட்டி, சைக்கிள் எல்லாம் சேரும்போது பல எஸ்யூவிகள் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. கிளம்புவதற்கு முந்தைய வாரம், சாமான் ஏற்றிய நிலையில், லாரிகள் எடை போடும் இடத்துக்குப் போய் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள்.

அந்த 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ட்ரெய்லர் பின்னால் வாலாட்டத் தொடங்கும். கனமான சாமானை அச்சுக்கு மேலேயும் முன்னாலேயும் வையுங்கள், பின் பம்பரில் தொங்கவிட வேண்டாம். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, 150 லிட்டர் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்து அதை நிரப்பினால் சமநிலை மாறிவிடும். பாரத்தைப் பகிரும் ஹிட்ச்சும், ஆட்டத்தை அடக்கும் கம்பியும் இந்தப் பயணத்துக்கு அவசியம் என்பது என் உறுதியான கருத்து. அப்படியும் வண்டி ஆடத் தொடங்கினால் கால் பிரேக்குக்குப் போகக் கூடாது. ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஓட்டுநர் அருகே ட்ரெய்லர் பிரேக்குக்காகப் பொருத்தியிருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைவிசையால் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் போடுங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து, வரிசை தானாக நேராகும். இதை ஓர் ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் மெதுவான வேகத்தில் பழகிப் பாருங்கள். கை அந்த விசையைத் தேடாமல் போய்ச் சேர வேண்டும்.

ட்ரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதற்கு முன்னாலேயே வயதாகிக் கெட்டுப்போகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயது தாண்டியிருந்தால், பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் கிளம்பும் முன் பாருங்கள். பல ட்ரெய்லர் டயர்கள் மணிக்கு 105 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சாலையில் 110 என்று பலகை இருந்தாலும் நான் 95ஐத் தாண்டுவதில்லை. சக்கர நட்டுகளை முதல் 80 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். வின்னிபெக்கிலிருந்து கிளம்பினால் அது போர்ட்டேஜ் லா பிரேரி அருகே வரும், பிள்ளைகளை இறக்கிவிட்டு அங்கேயே செய்துவிடலாம்.

சரி, இனி காற்று. இந்தப் பயணத்தின் நேர அட்டவணையை எழுதுவது அதுதான். பிரேரியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், நீங்கள் போவதும் மேற்கு நோக்கி. ட்ரெய்லரின் அகன்ற முன்பக்கம் அதை முழுசாக வாங்கிக்கொள்வதால் பெட்ரோல் செலவு கண் முன்னே ஏறும். தொட்டி பாதியாகும்போதே நிரப்பிவிடுங்கள். எதிர்க்காற்றில் பணம்தான் போகும், பக்கக் காற்றில் ஆபத்து இருக்கிறது. வடமேற்கிலிருந்து திடீரென்று அடிக்கும் வீச்சும், பக்கத்தில் பெரிய லாரி கடக்கும்போது வரும் உறிஞ்சலும் ஒன்றாகச் சேரும் நொடியில்தான் ட்ரெய்லர் ஆடும். வானிலை அறிவிப்பில் காற்று வேகத்தைப் பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு வீச்சைப் பாருங்கள். வீச்சு மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் என்றால் நான் முகாமிலேயே இருந்துவிடுவேன்.

கோடையில் தரை சூடேறச் சூடேற, நண்பகலுக்குப் பிறகு காற்று வலுக்கும், பின்னேரத்தில் இடிமழையும் ஆலங்கட்டியும் அதனோடு வரும். அதிகாலை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மேற்கே போகிறவர்களுக்கு மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மதியம் ஒன்றரை, இரண்டுக்குள் முகாமில் நிறுத்திவிடுவதுதான் சரியான முறை. பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது, பின்னேரம் முழுக்க ஓடி விளையாடலாம். மனிடோபாவிலிருந்து சஸ்காச்சுவானுக்குள் நுழையும்போது கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அந்த ஒரு மணி நேரமும் உங்களுக்கு லாபம்.

இப்போது வழி. வின்னிபெக்கிலிருந்து, பூங்காவுக்குக் கிட்டத்தில் உள்ள ஊரான புரூக்ஸ் வரை டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,150 கி.மீ. இதை மூன்று துண்டாக வெட்டச் சொல்வேன். அந்த மூன்று துண்டும் ஒரே பனிக்காலத்தின் கதையைச் சொல்வதால்தான் இந்த நிறுத்தங்களைத் தேர்ந்தேன்.

வின்னிபெக்கைச் சுற்றி நிலம் ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது? அது ஓர் ஏரியின் அடித்தரை. கடைசிப் பனிக்காலம் முடியும்போது உருகிய நீர் வடக்கே போக வழியின்றித் தேங்கி, அகாசி என்று இன்று அழைக்கப்படும் மாபெரும் ஏரியானது. இன்றைய பேரேரிகள் ஐந்தையும் சேர்த்தாலும் அதைவிடச் சிறியவை. போர்ட்டேஜ் தாண்டி கார்பெரியை நெருங்கும்போது சாலை மெல்ல மேலே ஏறுவதைக் கவனியுங்கள். அந்த ஏரியில் ஓர் ஆறு கலந்த இடத்தில் குவிந்த மணல் அது. தெற்கே ஸ்புரூஸ் உட்ஸ் பூங்காவில் அதன் ஒரு பகுதி இன்றும் மணல்மேடாகவே கிடக்கிறது.

முதல் இரவுக்கு குவாப்பெல் பள்ளத்தாக்கில் எக்கோ வேலி மாகாணப் பூங்கா. சஸ்காச்சுவானில் இந்தியன் ஹெட் அருகே நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்ப வேண்டும், மொத்தம் 500 கி.மீ.க்குச் சற்று மேல். கோதுமை வயல் நடுவே போய்க்கொண்டிருக்கும்போது முன்னறிவிப்பே இல்லாமல் நிலம் பிளந்து, கீழே ஏரிகள் சங்கிலியாகத் தெரியும். பனியாற்று உருகுநீர் வெட்டிய கால்வாய் அது. இன்று அதில் ஓடும் ஆறு மிகச் சிறியது, அவ்வளவு அகலத்தை அது வெட்டியிருக்க முடியாது. அப்படியானால் இதை வெட்டியது எது என்று பிள்ளைகளிடம் கேட்டுவையுங்கள், மூன்று நாள் கழித்து டைனோசர் பூங்காவில் ஓடும் ரெட் டியர் ஆற்றங்கரையில் இதே கேள்வி மறுபடி வரும்.

இரண்டாம் நாள் ரெஜினா, மூஸ் ஜா கடந்து போகிறீர்கள். சாப்ளின் என்ற சிற்றூரில் சாலையோரமே வெள்ளை மேடுகள் தெரியும். பனி இல்லை, சோடியம் சல்ஃபேட் உப்பு. அந்த உப்பு ஏரியில் வாழும் சிறு இறால்களைத் தின்ன, ஆர்க்டிக் போகும் கரைப்பறவைகள் வசந்தத்தில் பெருங்கூட்டமாக இறங்கும். ஜூலையில் பெரும்பாலானவை வடக்கே இருக்கும், ஆனாலும் சில தங்கியிருக்கும். நிறுத்திக் கால் நீட்ட நல்ல இடம். மற்றபடி வயல்களைப் பாருங்கள். ஜூலை முதல் பாதியில் கனோலா மஞ்சளாகப் பூத்திருக்கும், ஆளி விதைப் பயிர் காலையில் நீலமாக இருக்கும். முழங்கால் உயரம்கூட வராத, மெல்லிய இலையுள்ள பச்சைப் பயிர் ஒன்றும் வரும். அது மைசூர் பருப்பு. இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் கடையில் வாங்கும் சிவப்புப் பருப்பில் கணிசமான பங்கு இந்த வயல்களிலிருந்து போகிறது. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் ஆய்வாளர் 1978இல் லேர்ட் என்ற ரகத்தை வெளியிட்ட பிறகுதான் இங்கே பருப்புச் சாகுபடி பெருகத் தொடங்கியது. அன்று இரவு முகாமில் பருப்பு வைத்தால், பிள்ளைகளிடம் ஜன்னல் வழியே பார்த்த செடியை நினைவூட்டலாம்.

இரண்டாம் இரவுக்கும் மூன்றாம் இரவுக்கும் சைப்ரஸ் ஹில்ஸ். மேப்பிள் கிரீக் ஊரிலிருந்து தெற்கே ஏற வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைப் பார்த்துக்கொண்டு குறைந்த கியரில் போங்கள், எதிர்க்காற்றோடு ஏற்றமும் சேர்ந்தால் ஏசியை அணைத்துவிடலாம். இங்கே இரண்டு இரவு தங்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சுற்றியுள்ள சமவெளியைவிட ஏறத்தாழ 600 மீட்டர் உயரம், மேலே பைன் காடு, காற்று குளிர்ந்திருக்கும். மிக உயர்ந்த புள்ளி 1,400 மீட்டருக்கும் மேல், ராக்கி மலைகளுக்கும் லாப்ரடாருக்கும் நடுவே கனடாவில் அதைவிட உயரமான இடம் கிடையாது. பனிப்படலம் இந்த நாட்டையே மூடியிருந்தபோது இந்தக் குன்றின் உச்சி மட்டும் தீவு போல் வெளியே நின்றது. நீங்கள் அதுவரை கடந்து வந்த நிலமெல்லாம் பனியின் அடியில் கிடந்தது. 2004 முதல் இது, விளக்கொளி படாமல் காக்கப்படும் இருண்ட வானக் காப்பிடமாகவும் இருக்கிறது, நிலவில்லாத இரவில் பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள்.

அருகே வால்ஷ் கோட்டை இருக்கிறது. 1873இல் ஓநாய் வேட்டைக்காரர்கள் இந்தக் குன்றுகளில் நக்கோடா மக்களைக் கொன்றார்கள். அதன் பிறகுதான் வடமேற்குக் குதிரைப் போலீஸ் இங்கே வந்து 1875இல் இந்தக் கோட்டையைக் கட்டியது. உங்கள் பிள்ளைகளின் வயதிலும் இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வெறும் புல்வெளி என்று நாம் கடந்துபோகும் இந்த நிலம் முழுவதும் காட்டெருமை மந்தைகளோடு வாழ்ந்தவர்களின் நிலம்.

நான்காம் நாள் சுலபம். மெடிசின் ஹாட் வழியாக புரூக்ஸ், அங்கிருந்து வடகிழக்கே 48 கி.மீ., எல்லாம் சேர்த்து 300 கி.மீ. அளவில்தான். மளிகை, பெட்ரோல், மருந்து எல்லாவற்றையும் புரூக்ஸிலேயே முடித்துவிடுங்கள். அதன் பின் பாட்ரீசியா என்ற சின்னக் குடியிருப்பு மட்டுமே வரும்.

பூங்கா வாசலை அடையும் வரை ஒன்றுமே தெரியாது. மாடு மேயும் புல்வெளி, அவ்வளவுதான். நுழைவாயில் பக்கத்தில் பார்வை மேடை இருக்கிறது, ட்ரெய்லரோடு நிறுத்த இடம் இருந்தால் கீழே இறங்கும் முன் அங்கே கட்டாயம் நில்லுங்கள். விளிம்பை ஓர் அடுக்காகப் பாருங்கள். மேலே மெல்லிய புல். அதன் கீழ் பனியாறு விட்டுச் சென்ற களிமண்ணும் கல்லும். அதற்கு நேர் கீழே சுமார் 7.5 கோடி ஆண்டு பழைய பாறை. இடைப்பட்ட காலத்தின் பாறையெல்லாம் அரித்துப் போய்விட்டது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிய வெள்ளம் இந்த மென்பாறையை வெட்டி இறங்கியது, மழையும் காற்றும் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கங்கே கிடக்கும் இளஞ்சிவப்புக் கருங்கற்கள் இந்த ஊர்ப் பாறையே இல்லை. வடகிழக்கே கனடியக் கேடயம் என்ற மிகப் பழைய பாறைத் தளத்திலிருந்து பனி சுமந்து வந்து இறக்கியவை.

கீழே தெரியும் வெளிர் பட்டைகள் பழைய ஆற்று மணல், சாம்பல் பட்டைகள் வெள்ளச் சேறு. கண்டத்தின் நடுவே அன்று ஒரு கடல் இருந்தது, இது அதன் வெப்பமான கரையோரச் சமவெளி. ஆறுகள் அடிக்கடி பெருகி, செத்த விலங்குகளைச் சேற்றில் மூடின. 50க்கும் மேற்பட்ட டைனோசர் இனங்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. இவ்வளவு சிறிய பரப்பில் இவ்வளவு வகை வேறெங்கும் அரிது. அதனால்தான் யுனெஸ்கோ 1979இல் இதை உலக மரபிடமாக அறிவித்தது.

1910இல் நியூயார்க் அருங்காட்சியகத்தின் பார்னம் பிரவுன் இந்த ஆற்றில் தட்டைப் படகு ஒன்றில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வந்தார், கரையில் எலும்பு தெரிந்த இடத்தில் கட்டி நிறுத்தித் தோண்டினார். அந்தக் காலத்து ட்ரெய்லர் என்றே அதைச் சொல்லலாம். எலும்பெல்லாம் அமெரிக்காவுக்குப் போகிறதே என்று கனடா அரசு விழித்துக்கொண்டு, 1912இல் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கையும் அவர் மகன்களையும் வேலைக்கு அமர்த்தியது. சுற்றுச் சாலையில், ஒரு வாத்தலகு டைனோசரின் எலும்புக்கூட்டைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தில் நிமிர்த்தி வைத்த கூட்டைவிட இது ஆழமாகப் பதியும்.

முகாம் ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரங்களின் கீழ் இருக்கிறது. இந்த மரத்தின் விதை முளைக்க வெள்ளம் கொண்டுவந்து போட்ட புதிய வண்டல் வேண்டும், அதனால் பெருவெள்ளம் வராத ஆண்டுகளில் இளமரம் அதிகம் எழுவதில்லை. மின்சார இணைப்புள்ள இடங்கள் உண்டு, குளியலறை உண்டு, கழிவுநீர் கொட்டப் பொதுவான ஓரிடம் உண்டு. மின்சாரம் உள்ள இடத்தையே எடுங்கள். ஜூலையில் பள்ளத்துக்குள் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம், சாம்பல் மண் சூட்டைத் திருப்பி அடிக்கும். காலை பத்து வரையும், மாலை ஏழுக்குப் பிறகும் நடை வைத்துக்கொண்டு, நடுப்பகலில் நிழலில் இருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அகன்ற தொப்பி. அந்தியில் ஆற்றங்கரையில் கொசு மொய்க்கும், முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கும் முன் ட்ரெய்லரின் நிழற்கூரையைச் சுருட்டிவிடுங்கள், நள்ளிரவில் வரும் ஒரு வீச்சு அதைப் பிய்த்துவிடும்.

பாம்பு பற்றிப் பயப்படத் தேவையில்லை, கவனம் வேண்டும். கிலுகிலுப்பைப் பாம்பு இங்கே உண்டு. கண்ணுக்குத் தெரியாத பொந்திலும் பாறை விளிம்பிலும் கை வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். மழையைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டும். இந்தச் சாம்பல் மண்ணில் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான பென்டோனைட் களிமண் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது பொரிந்த சோளம் போல மொறுமொறுவென்று இருக்கும், நனைந்ததும் ஊதிச் சவர்க்காரமாக வழுக்கும். மழை பெய்த அன்று சரிவில் ஏற வேண்டாம், மண் காயும் வரை காத்திருங்கள்.

எலும்பு கண்ணில் படும், அதில் சந்தேகமே வேண்டாம். தொடலாம், பார்க்கலாம், எடுக்கக் கூடாது. ஆல்பர்ட்டாவின் சட்டப்படி குற்றம். சட்டத்தைவிட முக்கியமான காரணம், ஓர் எலும்பு எந்த அடுக்கில் எப்படிக் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அலுவலகத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதிலேயே ஒரு பெருமை கிடைக்கும்.

பூங்காவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட நிலம், வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். இதை அறியாமல் வருகிறவர்கள் சுற்றுச் சாலையைப் பார்த்துவிட்டு அரை நாளில் திரும்பிப் போகிறார்கள். சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசர் மந்தை கூட்டமாகச் செத்துக் கிடக்கும் எலும்புப் படுகைக்கு அழைத்துப் போகும் நடை ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைகளால் சில மணி நேரம் வெயிலில் நடக்க முடியும் என்றால் அதையே எடுங்கள். சின்னவருக்கு முடியாது என்றால் பேருந்துச் சுற்றுலா. முகாமிடமும் வழிகாட்டிச் சுற்றுலாவும் தனித்தனிப் பதிவு. முகாம் இடம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்து நடையைத் தவறவிட வேண்டாம். இரண்டுக்கும் பதிவு திறக்கும் நாளைப் பார்த்து வைத்து, அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

பூங்காவில் மூன்று இரவு தங்குவீர்கள், அதில் ஒரு பகலை டிரம்ஹெல்லர் என்ற ஊருக்குக் கொடுக்கலாம். ட்ரெய்லரை முகாமிலேயே விட்டுவிட்டுக் காரில் போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே 1985இல் திறந்த ராயல் டிரெல் அருங்காட்சியகத்தில், நீங்கள் நடந்த இதே மண்ணில் தோண்டிய எலும்புகள் நிற்கின்றன. பூங்காவை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அங்கே போங்கள், மாற்றிச் செய்ய வேண்டாம்.

திரும்பும்போது ஏழாம் நாள் காலை கிளம்பினால் மூன்று நாள் கையில் இருக்கும். காற்று இப்போது பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளும், காலை வெயில்தான் கண்ணில் அடிக்கும் என்பதால் ஏழு மணிக்குப் பிறகு கிளம்பினால் போதும். ஊரிலிருந்து விறகு எடுத்துவர வேண்டாம், எல்ம் மர நோயைப் பரப்பும் வண்டு விறகோடு பயணம் செய்யும். முகாமிலேயே வாங்குங்கள். வறண்ட ஆண்டுகளில் தீ மூட்டத் தடை வரும், சமையலுக்கு இரண்டாவது புரோபேன் உருளை ஒன்று நிரப்பி வைத்திருங்கள்.